பள்ளிக் கதவின் சாவி யாரிடம் இருந்தது? கல்வித்துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்வி அமைச்சகங்களிலும் பள்ளி நிர்வாகங்களிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குற்றச்சாட்டுகள் இன்னும் காதில் விழுகின்றன. ஆசிரியர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டே சம்பளம் வாங்கினார்கள் என்பது ஒன்று. ஆசிரியர் சங்கங்கள்தான் பள்ளிகளைத் திறக்க விடவில்லை என்பது இன்னொன்று. பல நாடுகளில், பல மொழிகளில் சொல்லப்பட்டவை இவை. சொன்ன பெற்றோரில் பெரும்பாலோருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் அலுவலக வேலை என்று மாதக்கணக்கில் திண்டாடியவர்கள் அவர்கள். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்பதால் பிள்ளையைத் தனியே விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் தவறு. அதை அங்கே திருப்பிவிட்டதில் உங்கள் துறைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைச் சொல்லவே இந்த மடல். பள்ளிக் கட்டடங்களின் காற்றோட்டத்திலும் ஆசிரியர் பணி ஒப்பந்தங்களிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதுகிறோம்.

முதலில் சாவி யாரிடம் இருந்தது என்று பார்த்துவிடலாம். 2020 ஏப்ரலில், யுனெஸ்கோ கணக்குப்படி, 190க்கும் மேற்பட்ட நாடுகளில் 150 கோடிக்கும் அதிகமான மாணவர்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போக முடியாமல் இருந்தார்கள். அந்த மூடல்கள் அரசாணைகளால் வந்தவை. உலகிலேயே மிக நீண்ட மூடல்களில் ஒன்று உகாண்டாவில் நடந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்று. பிலிப்பைன்ஸில் 2021 நவம்பர் வரை நேரடி வகுப்பே கிடையாது. அதற்குப் பிறகும் சோதனை முறையில் சில பள்ளிகள்தான் திறந்தன. அங்கெல்லாம் கதவைப் பூட்டிவைத்தது சங்கத்தின் வேலைநிறுத்தம் என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சங்கம் வலுவாக இருந்த பள்ளி நிர்வாக மாவட்டங்கள் சராசரியாகத் தாமதமாகத் திறந்தன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை நாங்கள் மறைக்கவில்லை. அந்தத் தாமதத்தில் எவ்வளவு தவிர்த்திருக்கக்கூடியது என்ற கேள்விதான் எங்களுக்கு முக்கியம். அதற்கு விடை சொல்ல, முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன, எப்படி அறிவிக்கப்பட்டன என்று நாள்வாரியாகப் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி தொடக்கத்தில் தொற்று வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களின் தேசியக் கல்விச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டியது. கடுமையான, உடனடியான ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் ஊழியர் அந்த இடத்தில் வேலை செய்ய மறுத்தால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. பள்ளிகள் பாதுகாப்பானவை, பிள்ளைகளை அனுப்புங்கள் என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் சொன்னார். ஜனவரி 4 திங்கட்கிழமை பல தொடக்கப் பள்ளிகள் திறந்தன. அன்று மாலையே அவர் தொலைக்காட்சியில் தோன்றி மறுநாள் முதல், அத்தியாவசியப் பணியாளர்களின் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு எல்லாப் பள்ளிகளையும் மூடச் சொன்னார். மார்ச் 8 வரை அவை முழுமையாகத் திறக்கவில்லை. ஒரே நாள் பள்ளி நடத்தி, பல வீடுகளின் பிள்ளைகளை ஓர் அறையில் கலந்து, பிறகு இரண்டு மாதம் பூட்டுப் போட்டார்கள். வார இறுதியில் சங்கத்தைத் திட்டிய பெற்றோருக்குத் திங்கள் இரவு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. சங்கம் சொன்னதையே அரசு செய்தது. ஆனால் பழி இடம் மாறவில்லை. 2023 மார்ச்சில் வெளியான வாட்ஸ்அப் செய்திகளில், அந்தக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் ஆசிரியர் சங்கங்களுக்கு வேலை செய்வதே பிடிக்காது என்ற பொருளில் எழுதியிருந்தது தெரியவந்தது. மேலிடமே அப்படி நினைத்தால் கீழே பொதுமக்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

நியூயார்க் நகரில் கோளாறு வேறு விதமானது. நகரம் முழுவதுமான பரிசோதனைகளில் 3 சதவீதம் தொற்று உறுதியானால் எல்லாப் பள்ளிகளையும் மூடுவது என்று ஒரே ஓர் எண்ணை வைத்திருந்தார்கள். 2020 நவம்பர் 18 அன்று தொற்று விகிதம் அந்த எண்ணைத் தொட்டது. மறுநாள் பள்ளிகள் மூடின. அதே நாளில் உணவகங்களின் உள்ளரங்குகள் திறந்திருந்தன. பிள்ளை வகுப்பறைக்குப் போக முடியாது, பெரியவர்கள் உணவக மேசைக்குப் போகலாம் என்ற நிலையைப் பார்த்து எந்தப் பெற்றோருக்குத்தான் ஆத்திரம் வராது? இதில் மூன்று பிழைகள். அளவுகோல் ஊர் முழுவதற்குமானது, பள்ளிக்குள் பரவுவதை அது காட்டாது. மூடுவதற்கு எண் இருந்தது, திரும்பத் திறப்பதற்கு இல்லை. மற்ற இடங்களை மூடும் விதியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. நீங்கள் எழுதும் எந்தத் திட்டத்திலும் மூடும் எண்ணுக்குப் பக்கத்திலேயே திறக்கும் எண்ணும், அதை யார் எந்த நாளில் பார்த்து முடிவு சொல்வார் என்பதும் இருக்க வேண்டும். பள்ளிதான் கடைசியாக மூடி முதலில் திறக்கும் என்ற வரிசையையும் எழுத்தில் வையுங்கள்.

டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்தது. தடுப்பூசி இன்னும் வராத காலம் அது. சிறு குழுக்கள், குழுக்கள் கலக்காத இடைவேளை, அடிக்கடி கை கழுவுதல், முடிந்த இடத்தில் திறந்தவெளிப் பாடம் என்று நடத்தினார்கள். திறப்பதற்கு முன் ஆசிரியர் சங்கத்தோடும் நகராட்சிகளோடும் பேசியிருந்தார்கள். அங்கே ஊரில் தொற்றும் குறைவாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பிள்ளைகளுக்கு இந்த நோயால் ஆபத்து குறைவு என்பது உண்மை. அதனால் ஆசிரியர்கள் பயந்தது வீண் என்று முடிவுகட்டியது தவறு. ஸ்வீடனில் 2020 வசந்தத்தில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கான பள்ளிகள் திறந்திருந்தன, மேல்நிலை வகுப்புகள் இணையவழிக்கு மாறின. ஒரே தொழில், ஒரே நாடு என்பதால் இரு தரப்பையும் ஒப்பிட முடிந்தது. 2021இல் வெளியான ஆய்வின்படி, நேரடி வகுப்பு எடுத்த கீழ்நிலை ஆசிரியர்களுக்குத் தொற்று உறுதியானது மேல்நிலை ஆசிரியர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுக்கும் 29 சதவீதம் அதிகம். ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் இந்த உயர்வு 17 சதவீதம்தான். பள்ளியைத் திறந்து வைத்ததன் ஆபத்தைப் பெரும்பாலும் சுமந்தவர்கள் ஆசிரியர்கள் என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. அந்தச் சுமையைப் பற்றிப் பேச அவர்களுக்கு இருந்த ஒரே கூட்டுக் குரல் சங்கம்.

பள்ளி மூடியிருந்தால் ஆசிரியர் வீட்டில் இருந்தார் என்ற நினைப்புக்கும் ஒரு பதில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் நடந்த ஊராட்சித் தேர்தலில் ஆசிரியர்கள் வாக்குச்சாவடிப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். பணிக்குப் போய்வந்து தொற்றால் இறந்தவர்கள் என்று 1,621 பேரின் பட்டியலை அங்குள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கம் வெளியிட்டது. அரசு முதலில் ஒப்புக்கொண்டது 3 பேரை. வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வருவதற்குள் இறந்தால்தான் பணியின்போது மரணம் என்ற பழைய விதியை வைத்து எண்ணியதால் வந்த வேறுபாடு இது. தொற்று உடலில் ஏறி உயிரை எடுக்க வாரங்கள் ஆகும் என்பது அந்த விதிக்குத் தெரியாது. பிறகு விதியைத் திருத்தி, பணி முடிந்து 30 நாளுக்குள் நேர்ந்த மரணங்களையும் சேர்த்து, குடும்பங்களுக்கு 30 லட்சம் ரூபாய் வழங்கினார்கள். அந்தப் பட்டியலைச் சங்கம் தொகுத்திருக்காவிட்டால் விதி மாறியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, காற்று. எங்களுக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான். சங்கங்களும் நிர்வாகங்களும் மாதக்கணக்கில் மோதிக்கொண்டதில் பாதி, அளந்து பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

இந்த நோய் காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சில் அறிவித்தது. மூடிய, காற்றோட்டமில்லாத அறைகளில் பரவும் என்பதைத் தன் விளக்கக் குறிப்பில் தெளிவாக எழுதியது 2021 ஏப்ரல் இறுதியில்தான். இடைப்பட்ட காலத்தில் மேசையைத் துடைக்கவும் கிருமிநாசினி வாங்கவும் பணம் போயிற்று. சன்னல் திறக்கிறதா என்று பார்க்க ஆள் வரவில்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2020 ஜூனில் தந்த அறிக்கைப்படி, அந்த நாட்டின் 41 சதவீதப் பள்ளி மாவட்டங்களில், குறைந்தது பாதிப் பள்ளிகளின் காற்றோட்ட அமைப்பைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டியிருந்தது. சுமார் 36,000 பள்ளிகள். என் அறை பாதுகாப்பானதா என்று ஒரு ஆசிரியர் கேட்டால், ஆம் என்று சொல்லும் தகுதி அந்த நிர்வாகங்களுக்கு இல்லை.

கணக்கு கடினமானதல்ல. 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 189 கன மீட்டர். ஒருவருக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக் காற்று என்பது உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் தந்த அளவு. 40 மாணவர், 1 ஆசிரியர் என்றால் வினாடிக்கு 410 லிட்டர், அதாவது மணிக்கு 1,476 கன மீட்டர். அறைக் காற்று மணிக்கு ஏறக்குறைய 8 முறை மாற வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் திறந்தால், காற்று வீசும் நாளில் இது எளிது. ஒரே பக்கம் சன்னல், கதவு சாத்தியிருக்கிறது என்றால் நடக்காது. மேல்மாடிகளில் பிள்ளைகள் விழாமலிருக்கச் சன்னலுக்குத் தடுப்புப் போட்டுச் சில அங்குலமே திறக்கும்படி வைத்திருப்பார்கள். காகிதத்தில் அது சன்னல். காற்றுக்கு அது வெறும் இடுக்கு. ஆய்வுக்கு வருபவர் சன்னல்களை எண்ணக் கூடாது. ஒவ்வொன்றும் எவ்வளவு திறக்கிறது என்று அளவு நாடாவால் அளந்து எழுத வேண்டும்.

அடுத்து கரியமில வாயு மானி. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு அறையில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்தால், புதுக் காற்று போதுமா என்பது தெரியும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 420 பங்கு, இருக்கும். வகுப்பு நடக்கும்போது 800க்குள் இருந்தால் நல்ல காற்றோட்டம். தொடர்ந்து 1,500ஐத் தாண்டினால் உடனே ஏதாவது செய்ய வேண்டும். எல்லாவற்றையும் சாத்திய அறையில் 40 பேர் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் அந்த 1,500 வந்துவிடும். அதனால் இடைவேளையில் மட்டும் சன்னலைத் திறப்பது போதாது. மானியை உட்கார்ந்திருப்பவர் தலை உயரத்தில், சன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் விலக்கி, யாருடைய மூச்சும் நேராகப் படாதபடி அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். காலை முதல் பாடவேளையின் அளவை மட்டும் எழுதி அனுப்புவது ஏமாற்று; மதியத்துக்கு முந்தைய பாடவேளையில் எடுங்கள்.

வாங்கும்போதே ஒரு பிழை நடக்கிறது. மலிவான மானிகள் பல, கரியமில வாயுவை அளப்பதே இல்லை. காற்றிலுள்ள மற்ற ஆவிகளை அளந்து, அதிலிருந்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. கைக்குக் கிருமிநாசினி தேய்த்தாலே அவற்றில் எண் தாறுமாறாக ஏறும். ஆசிரியர் பதறுவார், தலைமையாசிரியர் மானி பழுது என்பார், பிறகு அது அலமாரிக்குப் போய்விடும். அகச்சிவப்பு உணரி உள்ள மானிதான் வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதுங்கள். இங்கிலாந்து 2021 இலையுதிர் காலத்தில் 3,00,000 மானிகளைப் பள்ளிகளுக்குத் தர முன்வந்தது, நல்ல வேலை. ஆனால் எண் அதிகமாகக் காட்டும் அறைக்கு என்ன தருவது என்ற திட்டம் பின்தங்கிவிட்டது. 2022 ஜனவரியில் கூடுதலாக அறிவித்த காற்றுச் சுத்திகரிப்பான்கள் 7,000தான். எண்ணை மட்டும் காட்டிவிட்டுத் தீர்வைத் தராத மானியால் சண்டைதான் வளரும்.

சுத்திகரிப்பானுக்கும் கணக்கு உண்டு. அதே 189 கன மீட்டர் அறையில் மணிக்கு 5 முறை காற்றை வடிகட்ட, மணிக்கு 945 கன மீட்டர் தேவை. பெட்டியில் அச்சிட்ட அளவு உச்ச வேகத்துக்கானது. உச்ச வேகத்தில் இரைச்சலால் பாடம் கேட்காது; ஆசிரியர் வேகத்தைக் குறைப்பார், வடிகட்டும் அளவு பாதியாகிவிடும். நடு வேகத்தில் மணிக்கு 300 கன மீட்டர் தரும் கருவி என்றால் மூன்று வைத்து, ஒரு சன்னலையும் திறந்து வைக்க வேண்டும். சுத்திகரிப்பான் கிருமியுள்ள துகள்களைப் பிடிக்குமே தவிர கரியமில வாயுவைக் குறைக்காது என்பதையும் ஆசிரியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கருவி வைத்தும் மானியில் எண் இறங்கவில்லை, எங்களை ஏமாற்றுகிறார்கள் என்ற குரல் எழும். பல இடங்களில் எழுந்தது. பழைய குளிரூட்டும் அமைப்புகளில் நெருக்கமான வடிகட்டியைச் செருகினால் மின்விசிறியால் காற்றை இழுக்க முடியாமல் மொத்த ஓட்டமே குறைந்துபோகும். அதை மாட்டுவதற்கு முன் விசிறியின் திறனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இடைவெளி விதியும் இப்படித்தான். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 மார்ச் 19 வரை மாணவர்களுக்கு இடையே 6 அடி கேட்டது, பிறகு பெரும்பாலான வகுப்பறைகளுக்கு 3 அடியாகக் குறைத்தது. முன்னால் 2 மீட்டர் ஆசிரியருக்கு விட்டால் மேலே சொன்ன அறையில் 7க்கு 7 மீட்டர் மிஞ்சும். சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 6 அடி இடைவெளியில் 16 பேர்தான் உட்கார முடியும். 3 அடி என்றால் 40 பேரும் அடங்குவார்கள். 16 என்ற எண்ணால்தான் பாதிப் பேர் வகுப்பறையிலும் மீதிப் பேர் திரையிலுமான கலப்பு வகுப்பு வந்தது. அதில் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு நடத்தினார். முகக்கவசத்தோடு கரும்பலகை அருகே நின்று பேசினால் மடிக்கணினியின் ஒலிவாங்கிக்குக் கேட்காது. கணினி முன்னால் போய் நின்றால் அறையில் இருக்கும் பிள்ளைகள் கைவிடப்படுவார்கள். பெற்றோர் வீட்டில் பார்த்தது இந்தத் தடுமாற்றத்தை. ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியது. ஒரு பாடவேளையில் ஓர் ஆசிரியருக்கு ஒரே வகுப்பு மட்டுமே, நேரடி அல்லது இணையவழி, என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நோயால் அதிக ஆபத்துள்ள ஆசிரியர்களை இணையவழிப் பக்கம் ஒதுக்கலாம். அவர்களுடைய மருத்துவச் சான்றைத் தலைமையாசிரியர் பார்க்கத் தேவையில்லை, துறை மருத்துவர் பார்த்தால் போதும்.

ஆசிரியர் வருகை குறையும் நாட்களுக்கும் எண் வேண்டும். 30 ஆசிரியர் உள்ள பள்ளியில் 6 பேர் ஒரே நாளில் படுத்துவிட்டால், பதிலி ஆசிரியர் இல்லாதபோது வகுப்புகளை இணைப்பார்கள். 80 பேர் ஓர் அறையில் என்றால் காற்றுக் கணக்கு முழுவதும் வீணாகிவிடும். சிகாகோவில் 2022 ஜனவரியில் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையிலான மோதலால் 5 நாள் வகுப்பு நின்றது, 3 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். முடிவில் எட்டிய உடன்பாட்டில் முக்கியமான ஒன்று, தனித்தனிப் பள்ளி எந்த நிலையில் தற்காலிகமாக இணையவழிக்கு மாறும் என்ற அளவுகோல். அதை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே எழுதியிருந்தால் அந்த 5 நாட்கள் பறிபோயிருக்காது. இதில் இரு தரப்புக்கும் பொறுப்பு உண்டு.

சங்கங்கள் செய்த தவறையும் சொல்ல வேண்டும். 2020 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர் சங்கம் பள்ளி திறப்பது பற்றி வெளியிட்ட ஆவணத்தில், காவல்துறை நிதியைக் குறைப்பது, அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு போன்றவையும் இடம்பெற்றன. அவை நல்ல கோரிக்கைகளா என்பது வேறு விவாதம். சன்னலைப் பற்றிய பட்டியலில் அவற்றைச் சேர்த்ததால் சன்னலையே யாரும் நம்பவில்லை. தடுப்பூசி போட்டு முடிந்த பிறகும் நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போன இடங்களில் ஏழைப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதில் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள இயலாத பிள்ளைகள் பெருந்தொற்றுக்கு முன் 57 சதவீதம், 2022 மதிப்பீட்டில் 70 சதவீதம் என்று உலக வங்கியும் யுனெஸ்கோவும் பிற அமைப்புகளும் சேர்ந்து சொல்லியிருக்கின்றன. அந்த இழப்பை ஒதுக்கிவிட்டுப் பேசும் எந்தச் சங்கத்துக்கும் பெற்றோர் காது கொடுக்க மாட்டார்கள்.

ஆனாலும் பொதுமக்களின் மனம் நீங்கள் நினைப்பதுபோல் முழுக்கத் திரும்பிவிடவில்லை. 2022இல் அமெரிக்காவில் ஃபை டெல்டா காப்பா என்ற கல்வியாளர் அமைப்பு எடுத்த கருத்துக்கணிப்பில், தம் ஊர் அரசுப் பள்ளிகளுக்கு முதல் இரண்டு தரநிலைகளில் ஒன்றைத் தந்தவர்கள் 54 சதவீதம். அந்தக் கேள்வியைக் கேட்டுவந்த 48 ஆண்டுகளில் அதுவே மிக உயர்ந்தது. அதே கணிப்பில் 62 சதவீதம் பேர் தம் பிள்ளை ஆசிரியராவதை விரும்பவில்லை என்றார்கள், அதுவும் உச்சம். பக்கத்துப் பள்ளி ஆசிரியரை மதிக்கிறார்கள், அந்த வேலைக்குத் தம் பிள்ளையை அனுப்ப அஞ்சுகிறார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்கு ஆசிரியர் தேடப்போகும் உங்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் அவசரமானது.

ஆகவே, இப்போதே, நோய் எதுவும் பரவாத நேரத்தில், சங்கத்தையும் பெற்றோர் பிரதிநிதிகளையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். ஆசிரியர் அமைப்புகளைக் கலந்தே கல்விக் கொள்கை வகுக்க வேண்டும் என்று 1966லேயே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் பரிந்துரைத்திருக்கின்றன. பேச்சை அறைவாரிப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்: கொள்ளளவு, சன்னல் திறக்கும் அளவு, நடுப்பகலில் மானி காட்டிய எண், தேவைப்படும் கருவி. அதைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், பெற்றோருக்கும் அனுப்புங்கள். முடிவு எதுவானாலும் தொலைக்காட்சிக்கு முன் தலைமையாசிரியருக்குத் தெரிய வேண்டும். மூடுவதென்றால் குறைந்தது 48 மணி நேரம், திறப்பதென்றால் 7 வேலை நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் மூடல் காலத்தில் யார் சம்பளம் தருவது என்பதை அதே தாளில் எழுதுங்கள்; பல நாடுகளில் அவர்கள் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்தார்கள், அவர்களில் பலருக்குச் சங்கமும் இல்லை.

பட்டியலில் வரும் கருவிகளுக்கும் வடிகட்டிகளுக்குமான தொகையை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். தொற்று தொடங்கிய பிறகு எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில் வாங்கப் போகும், அப்போது கிடைக்காது. வடிகட்டிகள் தேயக்கூடியவை என்பதால் மாற்றுவதற்கான ஆண்டுச் செலவும் அதே தலைப்பில் வர வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளிக் காற்றோட்டத்திலும் ஆசிரியர் பணி ஒப்பந்தங்களிலும் வேலை செய்பவர்கள்